கொண்டை வைத்த கீரை

உலகத்துக் கோபக்காரர்களையெல்லாம் தராசின் ஒரு தட்டில் ஏற்றி, எதிர்த் தட்டில் எங்கள் ‘கிள்ளாதே’ சாரை உட்கார வைத்தால், அவர் தட்டுதான் தரையைத் தொடும். இத்தனைக்கும் ஆள் ஒல்லி. இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. நான் சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் புரூப் ரீடர். குடியிருந்த காம்பவுண்டில் பக்கத்து வீடு அவருடையது. விருதுநகர் பக்கம் ஒரு கல்லூரியில் தாவரவியல் வாத்தியார். எந்தச் செடியின் நுனியை யார் தொட்டாலும் “கிள்ளாதே!” என்று பாய்வார். சொந்தப் பெயர் போஸ்ட்மேனுக்கு மட்டும் தெரியும்.

பஸ்ஸில் போகும்போது எவனாவது வேப்பங்கொழுந்தை ஒடிப்பது ஜன்னலில் தெரிந்தால் போதும். “ஏலே, பல்லு வெளக்க நுனிதான் கெடச்சதா?” என்று இறங்கிச் சண்டைக்குப் போய்விடுவார். பஸ்ஸும் போய்விடும். ஒரு கிரகப்பிரவேசத்தில் துளசி நுனி கிள்ளிய ஐயர்மேல் பாய்ந்தார். கூடப் போன பாவத்துக்கு எனக்கும் சேர்த்துப் பந்தி கிடைக்கவில்லை.

“அப்படி என்னதான் சார் இருக்கு நுனியில?” என்று ஒருநாள் கேட்டுத் தொலைத்தேன்.

“விதைநெல்லு இருக்குய்யா!” என்று கத்தினார். “நுனியில எதுவாவும் மாறாத செல்லு கொஞ்சம் உண்டு. எலை, தண்டு, பூவு எல்லாம் அதுல இருந்துதான். ஒரு ஜீன், ‘இது குறையாமப் பாத்துக்கோ’ங்கும். செல்லு கூடிப்போச்சுன்னா, அதுவே இன்னொரு ஜீனை வச்சு, ‘போதும், நிறுத்து’ன்னு ஆளனுப்பும்.”

எதிர்வீட்டு மாரியக்கா கேட்டுக்கொண்டிருந்தார். தாயில்பட்டி பட்டாசுக் கம்பெனிக்கு வேனில் போகிறவர். “எங்க போர்மேன் மாதிரியா சார்? ஓனரு போடு போடும்பாரு. இவரு அம்புட்டுதான் மருந்தும்பாரு.”

“அதேதான்! போர்மேன் லீவு போட்டா?”

“வாயக் களுவுங்க சார்.”

போர்மேன் லீவு போட்ட செடி ஒன்று மல்லாங்கிணறு மிளகாய்க் காட்டில் அவருக்கு அகப்பட்டது. பண்ணைக்கீரைதான், களையாக முளைப்பது. மற்றதெல்லாம் ஒல்லியாகக் கதிர் விடும். இது மட்டும் நுனி தடித்து, சேவல் கொண்டை போல விரிந்துகொண்டிருந்தது. மண்ணோடு பெயர்த்து வந்து, என்னிடமிருந்த காலி இங்க் டப்பாவில் வைத்தார். கல்லூரியில், “பூச்சிமருந்துல கோணியிருக்கும்” என்று சிரித்தார்களாம். அவர்கள் வாயை மூட ஒரே வழி, அதன் விதையை எடுத்து விதைப்பது. பிள்ளைகளும் கொண்டையோடு வந்தால் கோளாறு ஜீனில்தான். இருந்ததோ அந்த ஒற்றைச் செடி.

தீபாவளி சீசன். மாரியக்கா வெள்ளிப்பொடி ஒட்டிய கையோடு வந்து, குளித்து, கீரை கடைந்து காம்பவுண்டில் எல்லோருக்கும் கிண்ணத்தில் கொடுத்தார். சார் கிண்ணத்தை வழித்துத் தின்றார்.

“அக்கா, அமிர்தம்! எங்கன வாங்குனீக?”

“எங்கன வாங்க? பத்தாததுக்கு உங்க டப்பாவுல கெடந்ததையும் கிள்ளிப் போட்டேன். கொளுந்து நல்லாத் தடியா இருந்துச்சு சார்.”

அன்றைக்கு எழுந்த சத்தத்துக்குத் தெருவே வெளியே வந்தது. “விதைநெல்லத் தின்னுட்டேனே!” என்று தலையில் அடித்துக்கொண்டார். மாரியக்காவைத் திட்டினார், தன் நாக்கைத் திட்டினார், டப்பா கொடுத்த என்னையும் திட்டினார்.

“வேலைக்குப் போயிட்டு வந்து உங்களுக்கும் சேத்து ஆக்குனேன் பாருங்க, என்னச் சொல்லணும்!” என்று மாரியக்கா கதவைச் சாத்தினார். பேச்சுவார்த்தை முறிந்தது.

கோபம் கொஞ்சம் தணிந்ததும் சாருக்கு ஒரு நப்பாசை. இலையிடுக்கில் பக்கக் குருத்து கிளம்பலாம், அதுவும் அதே ஜீன்தானே. ஆனால் தண்ணீர் வேண்டும். எங்கள் குழாயில் தண்ணீர் வருவது அத்தை வீட்டு விருந்து மாதிரி, எப்போதாவதுதான். அந்த நேரம் பார்த்து அவரைப் பரீட்சை வேலைக்கு வெளியூர் அனுப்பினார்கள். ‘கிள்ளுகிறவன் கை விளங்காது’ என்று அட்டை எழுதி டப்பாவில் செருகிவிட்டுப் போனார். என்னிடம் ஒரு வார்த்தை, தண்ணி ஊத்துங்க என்று? கிடையாது. வீம்பு!

மறுநாள் காலையில் திட்டுச் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். வேனுக்குக் கிளம்பிய மாரியக்கா, அரிசி களைந்த தண்ணீரை டப்பாவில் ஊற்றிக்கொண்டிருந்தார். “குடி! அந்த மனுசன் மாதிரி வெறச்சிக்கிட்டு நிக்காம, குடி!”

“பேச்சே கிடையாதுன்னீக?”

“சார்கூடத்தான் சண்ட. செடிகூட என்ன?”

சார் திரும்பி வந்தபோது மொட்டைத் தண்டின் இரண்டு பக்கமும் குருத்து. இரண்டிலும் குட்டிக் கொண்டை. குனிந்து, மண்ணில் வெள்ளையாகப் படிந்திருந்ததை விரலால் தொட்டு மோந்து பார்த்தார். நேராக மாரியக்கா வாசலுக்குப் போனார். மன்னிப்புக் கேட்கப்போகிறார் என்று நாங்கள் வேடிக்கை பார்க்கக் கூடினோம்.

“அரிசித் தண்ணிய ஊத்துனது யாரு?” என்று கத்தினார்.

“நாந்தான். இப்ப என்னங்கிறீக?”

“நாளைக்கும் ஊத்துங்க!” என்று அதைவிடப் பெரிதாகக் கத்தினார்.

கறுப்புப் பொடி விதைகள் கிடைத்தன. அச்சகத்து இங்க் டப்பாக்களெல்லாம் அவர் வாசலுக்கு இடம்பெயர்ந்தன. முளைத்த பிள்ளைகள் கொண்டையோடு நின்றன. ஒன்றை மடியில் வைத்துப் பஸ்ஸில் கல்லூரிக்குக் கொண்டுபோனார். திரும்பும்போது சிரித்துக்கொண்டே வந்தார், அதையும் கோபமாகத்தான் செய்தார்.

பிறகு வேறு ஊரில் வேலை கிடைத்து, சொல்லாமல் கொள்ளாமல் காலி செய்துவிட்டார். என் வாசலில் ஒரு டப்பாவும் மாரியக்கா வாசலில் ஒரு டப்பாவும் இருந்தன. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

நேற்று மாடியில், அந்த டப்பா விதையின் வழியில் வந்த கொண்டைக் கீரைக்கு என் மனைவி கை நீட்டினாள். “கிள்ளாதே!” என்று கத்தினேன்.

“யாரு மாதிரி இப்படிக் கத்துறீங்க?” என்றாள். “அரிசி களைஞ்ச தண்ணி எங்க?” என்று அதைவிடப் பெரிதாகக் கத்தினேன்.