பிணம் கை தூக்கிய காட்சி

உலகம் அழிந்த பிறகு எப்படி இருக்கும் என்ற கேள்விக்கு மனித குலம் பல்லாயிரம் ஆண்டுகளாக விடை தேடி வந்தது. விடை மரக்காணத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டியே கிடந்தது. சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் போய்க்கொண்டிருந்த ஓர் இயக்குநர், சிறுநீர் கழிக்கக் காரை நிறுத்தியபோது எங்கள் உப்பளத்தைக் கண்டுபிடித்தார். இதை அவரே ஒரு நேர்காணலில் அடக்கத்தோடு சொல்லியிருக்கிறார்.

அவர் எடுத்த ‘தீயாண்டு 2090’ படத்தைப் பார்க்காதவர்கள் இனி இருக்க முடியாது. இருந்தாலும் வெளியே சொல்ல முடியாது. ஆகவே கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பூமியில் மழை நின்றுவிடுகிறது. கடைசிக் குடிநீர்த் தொட்டியைத் தாகபூபதி என்ற கொடியவன் பூட்டி வைத்திருக்கிறான். உலகின் கடைசி ஷேர் ஆட்டோவில் ஏறி வந்து நாயகன் அந்தப் பூட்டை உடைக்கிறான். பூட்டு ஒன்றுதான். உடைக்க இரண்டரை மணி நேரம் ஆகிறது. உடைத்துப் பார்த்தால் தொட்டி காலி. ‘தொடரும்’ என்று போடுகிறார்கள். தியேட்டரில் அழாத ஆளில்லை.

இந்தப் பாழுலகைப் படைக்கப் படக்குழு பட்ட பாடு சொல்லி மாளாது. கலை இயக்குநர் உப்பளத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டு, “நாம செய்யறதுக்கு ஒண்ணுமில்ல சார்” என்று நாற்காலியில் உட்கார்ந்தார். தாகத்தில் எஞ்சிய மனிதர்களாக நடிக்க உப்பு வாரும் பெண்களையே அழைத்தார்கள். மேக்கப்காரர் பெட்டியோடு வந்தார். எங்கள் பெண்களின் பாதத்தைப் பார்த்தார், வெயில் தின்ற கண்ணைப் பார்த்தார், பெட்டியை மூடினார். இயக்குநர் சொன்ன வாக்கியம் இன்றும் எங்கள் தெருவில் நிலைத்திருக்கிறது: “இவங்களுக்கு மேக்கப் வேணாம்.” அழகு நிலையத்துக்குப் போகிறவர்களுக்குக்கூட ஆயுளில் கிடைக்காத பாராட்டு.

என் அம்மா தையல்நாயகிக்குப் பிணம் வேடம். தாகத்தில் செத்து வரிசையாகக் கிடக்கும் பெண்களில் மூன்றாவது. உச்சி வெயிலில் உப்புப் பாத்தியில் மல்லாந்து கிடக்க வேண்டும். நாயகரின் தலைமுடி காற்றில் சரியான பக்கம் பறக்காததால் காட்சியைத் திரும்பத் திரும்ப எடுத்தார்கள். கடைசித் தடவை மூன்றாவது பிணம் வலது கையை லேசாகத் தூக்கி, கட்டைவிரலை வாய்ப் பக்கம் காட்டியது. பிறகு கை விழுந்தது. “கட் பண்ணாத, பிரமாதம்” என்று இயக்குநர் கிசுகிசுத்தார். ஷாட் முடிந்தும் மூன்றாவது பிணம் எழுந்திருக்கவில்லை. பாத்திரத்தோடு ஒன்றிவிட்டதாக எல்லாரும் நினைத்தார்கள். நாலாவது பிணமாகக் கிடந்த சரஸ்வதி அக்கா எழுந்து வந்து, முகத்தில் தண்ணீர் தெளித்து அந்தக் கலையைக் கெடுத்தார்.

படம் வெளியான அன்று எங்கள் ஊர் ரசிகர்கள் கலாச்சாரப் புரட்சி ஒன்று செய்தார்கள். கட்-அவுட்டுக்குப் பால் ஊற்றுவதெல்லாம் பழைய நாகரிகம். இது தண்ணீரின் அருமையை உணர்த்தும் படம். ஆகவே ஒரு லாரித் தண்ணீரைக் கொண்டுவந்து கட்-அவுட்டின் தலையில் ஊற்றினார்கள். அது உப்பளத்துத் தொட்டிக்குப் போக வேண்டிய லாரி.

தொட்டி என்றால் படத்தில் வருகிற அதே தொட்டிதான். துருப்பிடித்த மாதிரி பெயின்ட் அடித்த பிளாஸ்டிக் தொட்டி. படப்பிடிப்பு முடிந்ததும் அப்படியே விட்டுப் போனார்கள். சரஸ்வதி அக்கா உப்பள முதலாளியிடம் போய் நின்று பேசிப் பேசி, அதில் தண்ணீர் ரொப்ப வைத்தார். அதற்கு முன் வீட்டிலிருந்து கொண்டுபோகிற பாட்டில்தான். காலை டிபன் நேரத்துக்குள் அது காலி. அதற்குப் பிறகு கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கலாம். தொட்டி வந்த பிறகுதான் பாத்தியில் நிற்கிறவர்கள் நினைத்தபோது குடித்தார்கள். ஒரு கோடை முழுக்கக் குடித்தார்கள்.

பிறகு படத்துக்கு விருது கிடைத்தது. தொட்டிக்குப் பூட்டு கிடைத்தது.

பூட்டியவர் ‘அகில உலகத் தீயாண்டு ரசிகர் மன்ற’த்தின் மரக்காணம் கிளைத் தலைவர் நடராசன். முதலாளியின் மகன். படத்தின் இரண்டாம் பாகம் வரப்போகிறது. முதல் பாகம் காலித் தொட்டியில் முடிகிறது. ஆகவே இரண்டாம் பாகம் வரும்வரை தொட்டி காலியாகவே இருக்க வேண்டும் என்று மன்றம் தீர்மானித்தது. அதன் பெயர் ‘கன்டினியூட்டி’. இயக்குநர் இப்படி ஒன்றைக் கேட்கவேயில்லை. பக்தி என்பது கேட்காமல் செய்வது.

மன்றத்தின் மூளை செயலாளர் உபைத். பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் மொபைல் கடை. படத்தை மெதுவாக, இன்னும் மெதுவாக ஓடவிட்டுப் பார்க்கிற ஆராய்ச்சியாளர். ரீசார்ஜ் செய்யப் போன என்னை ஒருநாள் கடைக்குள் இழுத்தார்.

“சங்கீதா, ஒரு ஷாக் நியூஸ். உங்க அம்மா சாகல.”

“தெரியும். காலையிலதான் சோறு கட்டிக் குடுத்தேன்.”

“அது இல்லம்மா. படத்துல. பாரு, கை தூக்குறாங்க. செத்தவங்க ஏன் கை தூக்கணும்? கட்டைவிரல் ஏன் வாய்ப் பக்கம் போவணும்? யோசி.”

“நீங்களே யோசிங்கண்ணா.”

அவர் யோசித்தார். யோசித்ததை இணையத்தில் போட்டார். உலகத் தமிழர்கள் யோசிக்கத் தொடங்கினார்கள். அது தாகபூபதிக்கு எதிரான ரகசியப் படையின் சைகை என்றது ‘உயிர்’ அணி. நரம்பு இழுத்ததால் கை தானாகத் தூக்கியது என்றது ‘பிணம்’ அணி. டீக்கடையில் கைகலப்பு. துபாயில் இரண்டு பேர் ஒரே ரூமில் இருந்துகொண்டு பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்டார்கள். சைகை டி-ஷர்ட்டில் ஏறியது, பைக்கில் ஒட்டப்பட்டது. நிச்சயதார்த்த போட்டோவில் மாப்பிள்ளையும் பெண்ணும் கட்டைவிரலை வாய்ப் பக்கம் காட்டி நின்றார்கள். நடை பழகாத குழந்தை அந்தச் சைகையைக் காட்டினால் என்ன கேட்கிறது என்று பெற்றவளுக்குத் தெரியும். பெற்றவளுக்குச் சேனல் இல்லை.

இந்நிலையில் மன்றத்தின் சிறப்புப் பொதுக்கூட்டம் கல்யாண மண்டபத்தில் கூடியது. சிறப்பு விருந்தினர்: என் அம்மா. தொட்டிச் சாவியைக் கேட்க இதைவிட நல்ல நேரம் கிடைக்காது என்று நானும் போனேன். அம்மாவுக்குச் சால்வை போர்த்தினார்கள். புதுச்சேரியிலிருந்து விமர்சகர் கார்த்திகேசன் கேமராவோடு வந்திருந்தார். ‘தீயாண்டு’ பார்த்த நாளிலிருந்து தண்ணீரைப் பார்த்தாலே கண் கலங்குகிறவர். அவர் மைக்கை நீட்டினார்.

“அம்மா, உலகமே எதிர்பார்க்கிற கேள்வி. நீங்க உயிரோட இருக்கீங்களா?”

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு, “இருக்கேன் தம்பி” என்றாள்.

‘உயிர்’ அணி விசிலடித்தது. ‘பிணம்’ அணியிலிருந்து ஒருவர் எழுந்தார். “நடிகையைக் கேக்காதீங்க. கேரக்டரக் கேளுங்க.”

“சரி. கேரக்டரா சொல்லுங்க அம்மா. உயிரோட இருக்கீங்களா?”

“கேரக்டர்னா யாருப்பா?”

“நீங்கதான்.”

“அதான் இருக்கேன்னு சொன்னனே.”

“அப்ப அந்தக் கைய எதுக்குத் தூக்கினீங்க?”

“தண்ணி கேட்டேன்.”

மண்டபத்தின் கூரை பிய்ந்துவிடும் போலக் கைதட்டல். உபைத் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “ரெண்டே வார்த்த. செகண்ட் பார்ட் இன்டர்வெல் டயலாக் லீக் ஆயிடுச்சுடா.”

“நெசமாத்தான் தம்பி கேட்டேன்” என்றாள் அம்மா. “நாக்கு ஒட்டிக்கிச்சு. யாரும் குடுக்கல. மயங்கிட்டேன்.”

கார்த்திகேசன் கேமராவைப் பார்த்துத் திரும்பினார். “பாத்தீங்களா மக்களே, இன்னும் கேரக்டர விட்டு வெளிய வரல.”

நான் எழுந்தேன். “நடராசண்ணா, தொட்டிச் சாவிய குடுங்க. வெயில் ஏறிட்டே போவுது. பொம்பளைங்க டீக்கடை வரைக்கும் நடந்து போய்க் குடிச்சிட்டு வர்றாங்க. வந்தா உங்க மேஸ்திரி திட்டுறான்.”

“நீ டிகிரி படிச்ச பொண்ணு சங்கீதா. லாஜிக் தெரிய வேணாமா? படத்துல தொட்டி காலி.”

“படத்துல பூட்ட உடைச்சாங்க. நீங்க பூட்டி வெச்சிருக்கீங்க.”

“அது ஃபர்ஸ்ட் பார்ட்.”

“இவங்க குடிக்கிறது நெசத் தண்ணிண்ணா. பார்ட் எல்லாம் கெடயாது.”

“இதோ பாரு. தாகம்னா என்னன்னு உலகத்துக்கே காட்டின படம். அதுல நடிச்சவங்களே தண்ணி தண்ணின்னு கேட்டா நல்லாவா இருக்குது?”

நல்லா இல்லைதான். உப்பளப் பெண்களின் கோரிக்கை ‘கனிவுடன் பரிசீலிக்கப்பட்டு’, மூன்றாம் பாகத்தில் கவனிக்கப்படும் என்று தீர்மானம் நிறைவேறியது. கூட்டம் முடிந்ததும் எல்லாருக்கும் குளிர்பானம் கொடுத்தார்கள். அம்மா தன்னுடையதைச் சால்வைக்குள் வைத்துச் சரஸ்வதி அக்காவுக்கு எடுத்து வந்தாள்.

அடுத்து வந்தது ‘உலகம் அழிந்த நாள்’ விழா. படம் வெளியாகி ஓராண்டு நிறைவு. அக்னி நட்சத்திரம். ரசிகர்கள் தொட்டியைச் சுற்றி வரப்பின் மேல் வரிசையாக நின்றார்கள். அன்றைக்கு லீவு கேட்ட பெண்களுக்கு நடராசன் லீவு தரவில்லை. பின்னால் ஆள் இல்லாவிட்டால் ஃப்ரேம் வெறிச்சென்று இருக்குமாம். ஆகவே வரப்பில் நிழற்குடைகளின் கீழ் ரசிகர்கள் உலகம் அழிந்ததைக் கொண்டாட, பாத்தியில் பெண்கள் உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள். கார்த்திகேசன் நேரலையில் மனித குலத்தை எச்சரித்துக்கொண்டிருந்தார்.

நான் சோற்றுத் தூக்கோடு வரப்பில் வந்துகொண்டிருந்தேன். அம்மா உப்பு வாரும் பலகையை ஊன்றிக்கொண்டு நின்றாள். பிறகு உட்கார்ந்தாள். பிறகு சாய்ந்தாள். சாய்ந்தபடியே வரப்பைப் பார்த்து வலது கையைத் தூக்கினாள். கட்டைவிரல் வாய்ப் பக்கம்.

வரப்பே சிலிர்த்தது. அங்கே நின்ற எல்லாரும் தங்கள் வலது கையைத் தூக்கிக் கட்டைவிரலை வாய்ப் பக்கம் காட்டி என் அம்மாவுக்குப் பதில் வணக்கம் செலுத்தினார்கள். சிலர் அழுதார்கள். “யாரும் கிட்ட போவாதீங்க, லைவ் போவுது” என்று உபைத் தழுதழுத்தார்.

தூக்கைப் போட்டுவிட்டு ஓடினேன். “சாவிய குடுங்க” என்றேன் நடராசனிடம்.

“ரெண்டே நிமிஷம் சங்கீதா. மொமென்ட் முடியட்டும்.”

தொட்டி காலி என்பது அப்புறம்தான் எனக்கு உறைத்தது. கார்த்திகேசன் காலடியில் ஒரு தண்ணீர் பாட்டில் இருந்தது. நான் அதைப் பார்ப்பதை அவரும் பார்த்தார். குனிந்து எடுத்தார். 2090இல் பாட்டில் கிடையாது என்பதால் அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். அவர் கையிலிருந்து அதைப் பிடுங்க வேண்டியிருந்தது. பிடுங்கும்போது கேமரா விழுந்தது. அதுவாக விழவில்லை.

பாத்தியில் இறங்கி, அம்மா தலையை மடியில் எடுத்து, வாயில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். சரஸ்வதி அக்கா முந்தானையால் விசிறினார். பாதிப் பாட்டில் போனதும் அம்மா கண்ணைத் திறந்தாள். வரப்பின் மேல் இன்னும் இறங்காத அத்தனை கைகளையும் பார்த்தாள்.

“ஏண்டீ” என்றாள், “அத்தனை பேருக்கும் தாகமா? மிச்சத்த அவங்களுக்குக் குடுடீ.”

அன்றைக்கே பூட்டை உடைத்தேன். ஷேர் ஆட்டோ கிடைக்கவில்லை. ஒரு கருங்கல் போதுமானதாக இருந்தது. இரண்டரை மணி நேரமும் ஆகவில்லை. உள்ளே ஒரு பல்லி இருந்தது. மறுநாள் சரஸ்வதி அக்கா பெண்களையெல்லாம் வரப்பில் வரிசையாகப் படுக்க வைத்தார். மேஸ்திரி ஓடி வந்து கத்தியபோது படுத்தபடியே சொன்னார்: “தொட்டி ரொம்புற வரைக்கும் நாங்க எல்லாரும் பொணம். பொணம் உப்பு வாராது. போய் உன் மொதலாளிகிட்ட சொல்லு.” ஒரு மழை வந்தால் பாத்தியில் விளைந்த உப்பு அத்தனையும் கரைந்துவிடும் என்பது முதலாளிக்குத் தெரியும். தண்ணீர் லாரி வந்தது. ‘பிணம்’ அணி இதைத் தங்கள் கோட்பாட்டுக்குக் கிடைத்த வெற்றியாக அறிவித்தது.

அனுமதியின்றி ஃப்ரேமுக்குள் நுழைந்தது, 2090இல் பிளாஸ்டிக் பாட்டிலைக் காட்டியது, இரண்டாம் பாகத்தில் நாயகர் உடைக்க வேண்டிய பூட்டை முன்கூட்டியே உடைத்தது ஆகிய குற்றங்களுக்காக என் மேல் கண்டனத் தீர்மானம் நிறைவேறியிருக்கிறது. தலைவணங்கி ஏற்கிறேன்.

நட்டத்தை ஈடுகட்ட நானும் இரண்டாம் பாகத்துக்கு என்னாலான உதவியைச் செய்திருக்கிறேன். தாகபூபதியின் படைக்கு ஆட்கள் தேவை என்று இயக்குநர் அறிவித்திருந்தார். ஒருத்தி தண்ணீர் கேட்டுச் சாகும்போது அசையாமல் நின்று பார்க்கிற முகங்கள் வேண்டுமாம், எங்கே தேடியும் கிடைக்கவில்லையாம். மரக்காணம் கிளையின் முகவரியை அனுப்பிவிட்டேன். கீழே ஒரு வரியும் சேர்த்தேன்.

இவங்களுக்கு மேக்கப் வேணாம்.