பிளாஷ்பேக் அண்ணாச்சியும் தங்க மலையும்

உலகத்தில் கெட்டவன் என்று ஒருத்தனும் கிடையாது, பிளாஷ்பேக் காட்டப்படாதவன்தான் உண்டு என்று நம்புகிற ஒரே மனிதர் சிவகாசியில் இருக்கிறார். பட்டாசு லேபிள் அடிக்கும் அச்சகத்தில் ஆர்டர் எடுப்பது அவர் வேலை. ஆமத்தூரிலிருந்து பஸ்ஸில் வருவார். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். எல்லோருக்கும் அவர் பிளாஷ்பேக் அண்ணாச்சி.

காரணம், அவர் செல்போனில் பார்த்த ஒரு தொடர். பனிமலையில் பஸ் கவிழ்ந்து, தப்பித்தவர்கள் உயிர் பிழைக்கப் படாத பாடு படுகிற கதை. தமிழ் டப்பிங். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும். அண்ணாச்சி ஒரு காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு பனியில் நடுங்கிக்கொண்டிருப்பார். மத்தியானச் சாப்பாட்டின்போது எங்களுக்கும் கதை வரும்.

“அம்புட்டுப் பேரையும் காப்பாத்துறாரே டாக்டரு, பிளாஷ்பேக்ல பாத்தா பெத்த அப்பனை ஆஸ்பத்திரியில போட்டுட்டு ஓடுனவரு! ரொட்டியத் திருடுறாளே ஒருத்தி, அவ பட்டினி கெடந்து தம்பிமாரை வளத்தவ. முன்கதை தெரியாம யாரையும் பேசப்பிடாதுப்பா.”

தொடரோடு விட்டிருந்தால் பரவாயில்லை. டீயில் சர்க்கரை இல்லையா? மாஸ்டருக்கு வீட்டில் சண்டை. கண்டக்டர் எரிந்து விழுந்தாரா? டிரைவராக ஆசைப்பட்டவர், பாவம். ஒருநாள் தெரு நாய் அவர் காலையே பதம் பார்த்துவிட்டது. அடிக்கக் கம்பை எடுத்தவர்களை ஊசி போடப் போகிற அவசரத்திலும் தடுத்தார். “விடுங்கப்பா, அதுக்கு என்ன பிளாஷ்பேக்கோ!” அடுத்த மாதம் அதே நாய் அதே காலைக் கடித்தது. “ரெண்டாவது சீசன் ஆரம்பிச்சிருச்சு” என்று நொண்டிக்கொண்டே வந்தார்.

ஆனால் தன் பிளாஷ்பேக்கை மட்டும் சொல்லவே மாட்டார். அந்தத் தொடரில் யாருடைய முன்கதை முழுசாக வருகிறதோ, அவர் அந்த எபிசோடிலேயே காலியாம். “ஏலே, நான் இன்னும் கொஞ்ச நாள் இருக்கலாம்னு பாக்கேன்” என்று நழுவிவிடுவார்.

நான் காரியாபட்டியிலிருந்து அங்கே டிசைனராகச் சேர்ந்த புதிது. அந்த வேலையை நம்பித்தான் எனக்குப் பெண் பேசி முடித்திருந்தார்கள். தீபாவளி சீசன் உச்சத்தில் தாயில்பட்டிப் பார்ட்டி ஒருவர் போனில் ஆர்டர் சொன்னார். மத்தாப்பு டப்பாவுக்கு லேபிள், பெயர் ‘தங்க மழை’. எங்கள் பக்கத்து நாக்கில் ‘ழ’ தங்காது.

“தம்பி, தங்க மளை!” என்று மிஷின் சத்தத்துக்கு மேலே கத்தினார் அண்ணாச்சி.

“மலையா அண்ணாச்சி?”

“ஆமாப்பா, மளைதான்!”

வரைந்தேன். மூன்று சிகரம், பின்னால் சூரியன். பார்ட்டிக்குக் காட்டிச் சம்மதம் வாங்க வேண்டியது அண்ணாச்சி என்பதால் படத்தை அவருக்கு அனுப்பினேன். ‘ஓகே’ என்று பதில் வந்தது. அடித்துத் தள்ளினோம். தாயில்பட்டிக்குப் போன லோடு அப்படியே திரும்பி வந்தது.

முதலாளி லேபிளை என் முகத்துக்கு நேரே ஆட்டினார். “மளைன்னா மானத்துலருந்து பெய்யிறதுலே! பாறாங்கல்ல வரஞ்சு வச்சிருக்க? நாளையிலருந்து வராத!”

என் கல்யாணப் பத்திரிகைகூட அதே மிஷினில்தான் அடித்து வைத்திருந்தேன்.

அண்ணாச்சி காதிலிருந்து இயர்போனைக் கழற்றினார். வேலை நேரத்தில் அதற்கு முன்பு அப்படி நடந்து யாரும் பார்த்ததில்லை.

“முதலாளி, ஒரு பிளாஷ்பேக்கு.”

“இப்ப யாரோடது அண்ணாச்சி?”

“என்னோடது.”

மிஷின்காரர் மிஷினையே நிறுத்திவிட்டார்.

“தம்பி படம் அனுப்புன நேரம் டாக்டரு பனிப்பாறையில ஒத்தக் கையில தொங்குறாரு. அதப் பாக்குற அவசரத்துல பார்ட்டிக்கு அனுப்பாம நானே ஓகேன்னு போட்டுட்டேன். படத்தத் தெறந்துகூடப் பாக்கல. தம்பி மேல தப்பு இல்ல. அனுப்புறதா இருந்தா என்னைய அனுப்புங்க.”

முதலாளி லேபிளை மேஜையில் வைத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: “கைய விட்டுட்டாரா டாக்டரு?”

“இல்ல முதலாளி, பிடிச்சுட்டாரு.”

முதலில் சிரித்தது முதலாளிதான். அடுத்த நாள் வந்த தாயில்பட்டிக்காரர், “மலையும் நல்லாத்தான இருக்கு, புஸ்வாண டப்பாவுல ஒட்டிக்கிடுதேன். மளைய ஒடனே அடிச்சுத் தாங்க” என்று சொல்லிவிட்டார். என் வேலை பிழைத்தது. அண்ணாச்சி மட்டும் முதலாளி மேஜையை விட்டு நகரவில்லை.

“அடுத்த சீசன்ல நான் இருக்கேனா முதலாளி?”

“எந்த சீசன்? நீங்க பாக்குறதா, நம்மதா?”

“நம்மதுதான்.”

“இருங்க. காதுல அது மட்டும் இருக்கப்பிடாது.”

என் கல்யாணத்துக்கு முதல் பந்திக்கே வந்து, “சாப்பிட்டீகளா?” என்று பெண் வீட்டாரையே விசாரித்துக்கொண்டு திரிந்தார். இன்றைக்கும் போன் செய்தால் ‘எப்பிடி இருக்க தம்பி’ என்பதற்கு முன்னால் கதைதான் வரும்.

அவரைப் பற்றிச் சொல்ல இன்னும் எவ்வளவோ இருக்கிறது. ஆனால் முழுப் பிளாஷ்பேக்கும் வந்தால் ஆள் காலி என்பது அவர் சட்டம். எனக்கு அவர் இன்னும் பல சீசன் வேண்டும். அதனால் இங்கேயே நிறுத்திக்கொள்கிறேன்.