பதினொரு தொட்டிகளும் பச்சை

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். உன் நலத்தை உன் மகள் தினமும் போனில் சொல்கிறாள். உன் செடிகளின் நலம்தான் இந்தக் கடிதத்தின் விஷயம். நன்றாகச் சாய்ந்துகொண்டு படி, பக்கத்தில் நர்ஸ் இருந்தால் நல்லது.

நீ ஆஸ்பத்திரிக்குப் போன அன்று, பால்கனித் தொட்டி ஒவ்வொன்றிலும் ஒரு சென்சாரைக் குத்திவிட்டு, "பெரிய வேலை ஒண்ணும் இல்லடா, ஆப் சொல்றதைச் செய், நானும் அங்கேருந்து பாத்துக்கிட்டே இருப்பேன்" என்றாய். முப்பது வருஷம் லிப்ட் மெக்கானிக்காக இருந்தவனிடம் இதைச் சொல்லலாமா? சிவப்பு எரிந்தால் உள்ளே ஆள் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று ஓடியே பழகியவன் நான். முதல் நாளே ரோஜா சிவப்பில் 'தண்ணீர் தேவை' என்றது, ஊற்றினேன், சிவப்பு போகவில்லை, இன்னும் ஊற்றினேன், அரை மணி கழித்து அதே சிவப்பில் 'தண்ணீர் அதிகம்' என்றது, காயட்டும் என்று வெயிலில் இழுத்து வைத்தால் 'வெப்பம் அதிகம்', உள்ளே தூக்கி வந்தால் 'வெளிச்சம் போதாது', இதற்குள் வழிந்த தண்ணீர் கீழ்வீட்டு டீச்சரம்மா காயப்போட்ட பெட்ஷீட்டில் சொட்டி, அவர் மூச்சிரைக்க மேலே வந்து, "சார், நீங்க செடிக்கு ஊத்துறீங்களா, என் துணிக்கு ஊத்துறீங்களா?" என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே எலுமிச்சை 'ஊட்டச்சத்து குறைவு' என்று கத்தியது. உரம் ஒரு ஸ்பூன் போடவேண்டுமாம். கண்ணாடி கைக்கு அகப்படாததால் ஒரு பாக்கெட் என்று நானே முடிவுசெய்துவிட்டேன். மற்ற தொட்டிகளுக்கும் அதே கவனிப்பு, அதே கதி. பத்தே நாளில் பதினொன்றும் போய்ச் சேர்ந்தன.

அன்று மாலை உன் மகள் அழைத்தாள். "மாமா, அம்மா ஸ்கேன் ரிப்போர்ட் என்ன ஆச்சுன்னுகூடக் கேக்கல, போனையேதான் பாக்குறாங்க. பச்சையா இருந்தா ரெண்டு வாய் சாப்பிடுறாங்க, சிவப்புன்னா தட்டைத் தள்ளிடுறாங்க. இன்னைக்கு எல்லாமே சிவப்பு மாமா."

நான் என்ன செய்வேன்? ஒரு பக்கெட்டில் நல்ல மண்ணைக் கொட்டி, அளவாக நனைத்து, பதினொரு சென்சாரையும் பிடுங்கி அதில் நட்டு ஜன்னலோரம் வைத்தேன். பத்து நிமிஷத்தில் பதினொன்றும் பச்சை. நீ உடனே போன் செய்து, "பாத்தியாடா, ரோஜா பொழச்சிடுச்சு!" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்பைக் கேட்டு வெகுநாளாகியிருந்தது. "ஆமாக்கா, மொட்டு விட்டிருக்கு" என்று சொல்லிவிட்டேன். மறுநாள் என்ன நிறம் என்று கேட்டாய், மஞ்சள் என்றேன். "அது சிவப்பு ரோஜாடா" என்றாய். வெயிலில் வெளுத்திருக்கும் என்றேன்.

மூன்று வாரமாக அந்தப் பக்கெட்டுக்குக் காவல் இருக்கிறேன். அது காய்ந்தால் உனக்குச் சாப்பாடு இறங்காதே என்று கடைக்குப் போனாலும் பாதியில் ஓடி வருகிறேன். இனி முடியவில்லை அக்கா. நீ குணமாகி வந்து பால்கனிக் கதவைத் திறந்தால் என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வேன்? போனில் சொல்லலாம் என்று எடுத்தால் மறுபடியும் ரோஜாவைப் பற்றிப் பொய்தான் சொல்லிவைக்கிறேன். திட்டு. சாப்பிட்டுவிட்டுத் திட்டு.

சீக்கிரம் வீடு வந்து என்னை நேரிலேயே உதைக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,
உன் தம்பி

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் நீயே அழைத்துவிட்டாய். இனி இந்தக் கடிதத்துக்கு வேலையில்லை. ஆனாலும் நீ சொன்னதை எழுதினால்தான் எனக்கு மனதில் ஏறும். "பதினொரு செடிக்கும் எப்பப் பாத்தாலும் ஒரே நம்பர் காட்டுது. எலுமிச்சையும் ரோஜாவும் ஒரே மாதிரியா குடிக்கும்? முதல் நாளே கண்டுபிடிச்சிட்டேன்" என்றாய். பின்னே ஏன் சாப்பிட்டாய் என்று கேட்டேன். "நீ அவ்வளவு கஷ்டப்பட்டுப் பொய் சொல்றே, சாப்பிடாம இருந்தா நல்லா இருக்குமாடா?" என்றாய். பிறகு அதே குரலில், டாக்டர்கள் இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள், வியாழக்கிழமை வீட்டுக்கு வருகிறேன் என்றாய். "அழாத. ரோஜாச் செடி எல்லாம் வாங்கி வைக்காத. கடுகு தூவு. மூணு நாள்ல முளைச்சிடும். அதைப் பாக்க எனக்கு நேரமிருக்கு."

இன்று திங்கள். தூவிவிட்டேன்.