தானாக விழுந்த மரம்

"சார், அது பட்டுப்போன மரம் சார். வேரெல்லாம் அழுகிக் கிடக்கு. காத்தே இல்லாதப்பகூட முனகுது சார்."

"உனக்கு வேற வேலையே இல்லையா?" என்றார் அதிகாரி, போனில். "அரசாங்க மரம்யா அது. நினைச்சா வெட்ட, உங்க மாமனார் வீட்டு மரமா? மேலிடத்து அனுமதி வரணும். அதுவரைக்கும் ஒரு போர்டு மாட்டி வை."

ஆற்றங்கரை முகாமின் காவலாளி போனை வைத்துவிட்டு மரத்தடியைப் பார்த்தார். முகாமிலேயே நல்ல சமதரை அந்த மரத்தடிதான். ஆற்றைப் பார்த்த மாதிரி இருக்கும். வருகிற ஜனமெல்லாம் வேறெங்கும் போகாமல் அங்கேதான் டென்ட் அடித்துப் படுக்கும்.

"எவன் மேலயாவது விழுந்தா உருளப்போறது உங்க தலைதான்," என்றாள் மனைவி. "வேலை போனா இந்தக் குவார்ட்டர்ஸும் போச்சு. அப்புறம் எங்க அண்ணன் வீட்டு வாசல்லதான் போய் நிக்கணும். அண்ணியைப் பத்தித் தெரியும்ல?"

தெரியும். அதற்கு மரமே தேவலை.

'மரம் விழும், அருகில் செல்லாதீர்கள்' என்று எழுதி, மரத்திலேயே ஆணி அடித்து மாட்டினார். மறுநாள் அதன் முன்னால் செல்ஃபி எடுக்க வரிசை நின்றது. ஒருத்தன் மரத்தைக் கட்டிப்பிடித்து நாக்கைத் துருத்திக்கொண்டு நின்றான்.

"கயிறு கட்டி மறிய்யா! இதையெல்லாமா நான் சொல்லித் தரணும்?" என்றார் அதிகாரி.

ஒரு முனையை மரத்தில் முடிந்து, சுற்றிக் கட்டினார். மத்தியானத்துக்குள் அந்தக் கயிற்றில் ஒரு குடும்பத்தின் ஈரத்துணி மொத்தமும் காய்ந்தது. சாயங்காலம் பிள்ளைகள் அதிலேயே தொங்கி ஆடின. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் மரம் கிறீச்சிட்டது. "சத்தம் வருதுடா, இன்னும் வேகமா!" என்று ஒரே குதூகலம்.

காவலாளி கையெடுத்துக் கும்பிட்டார். "டென்ட்டைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கம்மா. மரம் விழுந்துடும்."

"இத்தனை வருஷமா விழாத மரம், நாங்க வந்திருக்கறப்பதான் விழுமா? வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருய்யா!"

அந்த அம்மாள் அதோடு விடவில்லை. காவலாளி அபசகுனமாகப் பேசுகிறான் என்று அதிகாரிக்கே போன் போட்டாள். அவர் இவரைக் கூப்பிட்டுக் காய்ச்சி எடுத்தார். "இன்னொரு புகார் வரட்டும், உன் சீட்டைக் கிழிச்சிடறேன்!"

விடுமுறை நாள். மரத்தடியில் டென்ட்டுக்கு டென்ட் ஒட்டிக் கிடந்தது. திடீரென்று காற்று கிளம்பியது. மரம் 'மடக்'கென்று ஒரு சத்தம் கொடுத்தது. வேரடி மண் பிளந்து மேலே எழும்பியதைக் காவலாளி கண்ணால் பார்த்தார்.

"மரம் சாயுது! ஓடுங்க!"

ஒருத்தர்கூட அசையவில்லை. "ஆரம்பிச்சுட்டான்யா," என்று ஒரு டென்ட்டுக்குள்ளிருந்து சிரிப்பு வந்தது.

அட பாவிகளா! அவர் அடிவயிற்றிலிருந்து கத்தினார். "குளவி! குளவிக்கூடு கலைஞ்சிடுச்சு!"

அவ்வளவுதான். போட்டது போட்டபடி பறந்தார்கள். ஒரு ஆள் மனைவியை விட்டுவிட்டு ஓடி, பாதியில் நினைவு வந்து திரும்பி, ஐஸ்பெட்டியை மட்டும் தூக்கிக்கொண்டு மறுபடி ஓடினான். ரோட்டுப் பக்கம் போனவர்கள் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசி டென்ட்டுக்குள்ளும் எட்டிப் பார்த்துவிட்டுக் காவலாளி விலகினார். மரம் அத்தனை டென்ட்டையும் அப்பளமாக நொறுக்கிக்கொண்டு விழுந்தது.

ஒரு உயிருக்கும் சேதமில்லை. அவர் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதார். சந்தோஷ அழுகைதான்.

ஒரு மணி நேரத்தில் அதிகாரியின் ஜீப் வந்தது. பின்னாலேயே டென்ட்காரர்கள். "குளவின்னு பொய் சொல்லி விரட்டிட்டு, மரத்தைச் சாய்ச்சு எங்க சாமானையெல்லாம் நாசம் பண்ணிட்டான் சார்!"

அதிகாரி மரத்தைச் சுற்றி வந்தார். "அனுமதியே வரலை. அதுக்குள்ள எப்படிய்யா விழுந்துச்சு?"

"காத்துல தானா விழுந்துச்சு சார்."

"தானா? ஆணி அடிச்சது யாரு? கயிறு கட்டினது யாரு? வெட்டணும் வெட்டணும்னு என் உயிரை வாங்கினது யாரு? இன்னிக்குன்னு பார்த்து அத்தனை பேரையும் கிளப்பினது யாரு?"

"நீங்கதானே சார் கயிறு கட்டச் சொன்னீங்க..."

"மறிக்கத்தானே சொன்னேன்? பிடிச்சு இழுக்கவா சொன்னேன்?"

அங்கேயே வேலை போயிற்று. குவார்ட்டர்ஸைக் காலி பண்ணச் சொல்லிவிட்டு, சேதத்தைப் படம் எடுக்கப் போனார் அதிகாரி. மனைவி அண்ணனுக்குப் போன் போட்டாள்.

ஜீப் டிரைவர் மெதுவாகப் பக்கத்தில் வந்து நின்றார். அவர் முகத்தில் நிஜமான வருத்தம் இருந்தது.

"அவசரப்பட்டுட்டீங்களே அண்ணே. அடியில ஒரே ஒரு ஆள் நசுங்கிக் கிடந்திருந்தா, மரம் தானாத்தான் விழுந்துச்சுன்னு நம்ம சாரே எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பாரு."