இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம்

தெருவில் தண்ணீர்க் குழாய்க்குப் பள்ளம் தோண்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பள்ளத்துக்குள் இரண்டு பேர் இருப்பார்கள். மேலே ஆறு பேர் நிற்பார்கள். அந்த ஆறு பேரில் ஐந்து பேர் வெறும் வேடிக்கைக்காரர்கள். அவர்களால் யாருக்கும் தொந்தரவில்லை, பஸ் வந்தால் போய்விடுவார்கள். ஆறாவது ஆளைப் பாருங்கள். கையைக் கட்டிக்கொண்டு, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, ஒரு கண்ணைச் சுருக்கி, "இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம்" என்கிறாரே, அவரைப் பற்றித்தான் உங்களிடம் பேச வந்திருக்கிறேன். இன்னும்கொஞ்சக்காரர் என்று நான் அவருக்குப் பெயர் வைத்திருக்கிறேன்.

சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள். சோம்பேறி வீட்டில் படுத்திருப்பான். இவர் வேலை நடக்கும் இடத்துக்கு எல்லோருக்கும் முன்னால் வந்து, எல்லோரும் போன பிறகுதான் கிளம்புவார். கல்யாண வீட்டில் சீரியல் விளக்கு கட்டுகிறவர் ஏணி உச்சியில் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கும்போது கீழே நின்று வலது இடது சொல்வார். அங்கிருந்து சமையல்கட்டுக்குப் போய் ரசத்தை உள்ளங்கையில் வாங்கி உறிஞ்சிவிட்டு, கண்ணை மூடி யோசித்து, "எல்லாம் சரி, ஏதோ ஒண்ணு குறையுது" என்பார். என்ன குறைகிறது? அதை மட்டும் சொல்லமாட்டார். சொன்னால் அது உப்பாகவோ புளியாகவோ ஆகிவிடும், அள்ளிப் போட்டுத் தீர்த்துவிடுவார்கள். பெயர் இல்லாத குறைக்குத்தான் மரியாதை. ராத்திரி வீட்டுக்கு வந்து, "இன்னிக்கு முதுகு உடைஞ்சிடுச்சி" என்று மனைவியிடம் சொல்வார். பொய் இல்லை. உண்மையாகவே உடைந்துதான் இருக்கும்.

இப்படிப்பட்டவர் நாற்பது வயதில் திடீரென்று முளைப்பதில்லை. ஒன்பதாம் வகுப்பிலேயே முழுதாக விளைந்துவிடுகிறார். என் வீட்டு ஹாலிலேயே ஒன்றைப் பார்த்தேன்.

நாங்கள் இருப்பது ஆந்திராவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய நகரியில். என் மகள் பிரீத்தியின் ஹைஸ்கூலில் இங்கிலீஷ் டீச்சராக இருக்கிற தாட்சாயணி மேடம், பாடத்தை மனப்பாடம் செய்து ஒப்பித்தது போதும் என்று ஒருநாள் முடிவு செய்தார். நான்கு நான்கு பேராகச் சேர்ந்து ஒரு கிராஃபிக் நாவல் செய்துகொண்டு வரவேண்டும். பெரிய புத்தகம் ஒன்றுமில்லை, முழுக்கப் படத்தாலேயே கதை சொல்லவேண்டும், பேச்சு மட்டும் பலூனுக்குள் இங்கிலீஷில். நல்ல புத்தகங்கள் திருப்பதியில் நடக்கும் கண்காட்சிக்குப் போகும். எங்கள் தெருவில் பவர்லூம் ஓடாத வீடு எங்களுடையது ஒன்றுதான். ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்கும் என்கிற ஒரே தகுதியால் பிரீத்தியின் குழு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

ஹர்ஷினி படம் வரைவாள். ஹேமநாத் இங்கிலீஷ் வசனம் எழுதுவான். என் மகள் பென்சில் கோட்டின் மேல் மை போட்டு வண்ணம் தீட்டுவாள். நான்காவது தனசேகர். நீ என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டேன்.

"எல்லாத்தையும் நான் பாத்துக்கறேன் ஆண்ட்டி" என்றான். சொன்ன சொல் தவறவில்லை. முதல் நாளிலிருந்து பார்த்துக்கொண்டேதான் இருந்தான்.

கதை ஹர்ஷினியுடையது. அவளுடைய அப்பா முனிரத்தினம் திருச்சானூரில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். அங்கேயே தங்கிக்கொண்டு வாரத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வருவார். அதனால் கதையிலும் ஒரு ஷேர் ஆட்டோ. திருச்சானூரிலிருந்து திருப்பதிக்குக் கிளம்பிய ஆட்டோ பாதி வழியில் நின்றுவிடுகிறது. உள்ளே இருக்கிற பூக்கார அம்மா, புது மாப்பிள்ளை, மொட்டை போட்ட குடும்பம் என்று ஆளுக்கு ஆள் சண்டை போடுகிறார்கள். பிறகு வேறு வழியில்லாமல் இறங்கி எல்லோரும் சேர்ந்து தள்ளுகிறார்கள். பஸ் ஸ்டாண்டு போய்ச் சேரும்போது கல்யாணப் பத்திரிகை வைக்கிற அளவுக்கு உறவாகிவிடுகிறார்கள். டிரைவருக்கு மட்டும் முனிரத்தினத்தின் மீசை.

ஹர்ஷினி தரையில் உட்கார்ந்து, ஒரு தட்டைக் கவிழ்த்து வைத்துச் சக்கரம் வரைந்தாள். தனசேகர் அவள் பின்னால் நின்றான்.

"இன்னும் கொஞ்சம் ரவுண்டா வரணும் ஹர்ஷினி."

"இது ரவுண்டுதான்டா. இன்னும் கொஞ்சம் ரவுண்டுன்னா இன்னா?"

"பாத்தா தெரியும்."

அவள் அழித்துவிட்டு அதே தட்டைக் கவிழ்த்து அதே வட்டத்தைப் போட்டாள். "இப்ப எப்டி கீது பாத்தியா!" என்றான் அவன், தானே போட்ட திருப்தியோடு. ஹேமநாத் எழுதிய வசனத்தைப் படித்து, இங்கிலீஷ் இன்னும் கொஞ்சம் இங்கிலீஷாக இருக்கவேண்டும் என்றான். நான் பஜ்ஜி கொண்டு வைத்தேன். "நல்லாத்தான் கீது ஆண்ட்டி. இன்னும் கொஞ்சம் செவந்திருக்கலாம்."

"துன்னுக்கினே கொறை சொல்றான் பாரும்மா" என்றாள் பிரீத்தி. எனக்கும் கரண்டியை ஓங்கத்தான் தோன்றியது. அதற்கு அவனைப் பெற்றவர்கள் இருக்கிறார்களே என்று விட்டுவிட்டேன்.

புத்தகம் முடிகிற நேரத்தில் நான் எதிர்பார்த்தபடியே அவன் கையைக் கட்டி, தலையைச் சாய்த்து, "எல்லாம் ஓகே. ஏதோ ஒண்ணு குறையுது" என்றான். ஹேமநாத்துக்குப் பொறுமை போய்விட்டது. "இன்னா குறையுது? இன்னிக்குச் சொல்லாம நீ வூட்டுக்குப் போக முடியாது" என்று கதவை மறித்துக்கொண்டு நின்றான். இந்த இனத்தை இப்படி மடக்கக்கூடாது. தனசேகர் ஃபேனைப் பார்த்தான், காலண்டரைப் பார்த்தான், கடைசியில், "காமெடி" என்றான்.

ஹர்ஷினி அவனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். பிறகு பென்சிலைச் சீவிக்கொண்டாள்.

எல்லோரும் வேர்க்க விறுவிறுக்க ஆட்டோவைத் தள்ளுகிற பக்கங்களில் எல்லாம் புதிதாக ஒரு பயணி முளைத்தான். தள்ளாத பயணி. கையைக் கட்டிக்கொண்டு, தலை ஒரு பக்கம் சாய்ந்து, ஒரு கண் சுருங்கி, ஆட்டோவுக்குப் பக்கத்திலேயே நடந்து வருகிறான். தனசேகருக்கு நெற்றியில் விழுகிற அதே முடி. கையில் அதே பெரிய வாட்ச். பலூனுக்குள், "ஏ லிட்டில் மோர் திஸ் சைடு."

பிரீத்தி சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்கு ஓடி வந்தாள். இன்று ஹாலில் ஒரு கைகலப்பு நிச்சயம் என்று நான் அடுப்பை அணைத்துவிட்டுப் போனேன். தனசேகர் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"யப்பா! அச்சு அசல் எங்க மாமா! எங்க மாமா இப்டித்தான் நிப்பாரு!" கண்ணைத் துடைத்துக்கொண்டான். "ஆனா தலைய இன்னும் கொஞ்சம் சாய்ச்சி வரை ஹர்ஷினி. இதோ, இப்டி." சொல்லிவிட்டு அவனே கையைக் கட்டி, கண்ணைச் சுருக்கி, நின்று காட்டினான்.

அந்த வழியாகப் போன என் வீட்டுக்காரர் எட்டிப்பார்த்து, "அட, எங்க ஆபீஸ் சூப்பரின்டென்ட்!" என்றார். நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன்.

அந்தப் புத்தகம் திருப்பதிக்குத் தேர்வாகிவிட்டது. ஒரு புத்தகத்துக்கு ஒருவர்தான் கழுத்தில் பேட்ஜ் மாட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து விளக்கம் சொல்லலாம் என்பது விதி. ஹர்ஷினிக்கு இங்கிலீஷ் தடுக்கும். ஆனாலும் என் வீட்டு அலமாரிக் கண்ணாடி முன்னால் நின்று ஹேமநாத் எழுதிக்கொடுத்ததைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதற்கு இவ்வளவு பாடு என்று கேட்டேன். "நைனா சவாரி நடுவுல வந்து பாக்கறேன்னு சொல்லிக்கீறாரு ஆண்ட்டி. அவுரு வரும்போது நான் பேட்ஜ் போட்டுக்கினு புக்குப் பக்கத்துல குந்திக்கினு இருக்கணும்" என்றாள். அவ்வளவுதான் அவளுடைய ஆசை.

வகுப்பில் மேடம், "யார் போய்ப் பேசப்போறீங்க?" என்று கேட்டாராம். ஹர்ஷினியின் கை பாதி தூரம் மேலே போனதாம். தனசேகர் எழுந்தே நின்றுவிட்டான். "நான் பேசறேன் மேடம். பாவம், இவங்கள்லாம் வரைஞ்சி களைச்சிப் போய்க்கீறாங்க." பாதி தூக்கிய கை இறங்கிவிட்டது. பிரீத்தி வந்து சொன்னபோது எனக்கு வந்த கோபத்தில் அன்று சோறு குழைந்துபோனது. சார்ட்டுகளைத் தூக்கிவர ஒரு ஆள் வேண்டும் என்று மேடம் ஹர்ஷினியையும் வேனில் ஏற்றிக்கொண்டார். பெண் பிள்ளைகள் வருகிறார்களே என்று துணைக்கு என்னையும் கூப்பிட்டார்.

கண்காட்சி ஒரு கல்யாண மண்டபத்தில். தனசேகர் பேட்ஜோடு நாற்காலியில் இருந்தான். ஹர்ஷினி பின்னால் காலி அட்டைப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு, வாசலையே பார்த்தபடி நின்றாள். அவளுடைய அப்பா எந்த நிமிஷம் வருவாரோ என்று அவளோடு சேர்ந்து நானும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "வீ மேட் திஸ் சார். ஐ கைடட்" என்று தனசேகர் வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். நியாயமாகப் பார்த்தால் அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

சிறப்பு விருந்தினராக வந்த பெரியவர் புத்தகத்தைப் புரட்டினார். தள்ளாத பயணியிடம் வந்ததும் விழுந்து விழுந்து சிரித்தார். "மா ஆஃபீஸ்லோ ஒகடுன்னாடு, அச்சம் இலாகே!" என்றார். அவருடைய ஆபீசிலும் அப்படியே ஒருவன் இருக்கிறானாம். அந்த ஆளிடம் காட்டவேண்டும், இதேபோல் தனியாக ஒன்று வரைந்து கொடு என்று தனசேகரைக் கேட்டார்.

மாட்டிக்கொண்டான் பயல், இப்போது விழிப்பான் என்று நினைத்தேன். இந்த இனத்தை எனக்கு இன்னும் சரியாகத் தெரியவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

"ஹர்ஷினி!" தனசேகர் துள்ளி எழுந்தான். "வா, இப்டிக் குந்து. சாருக்கு ஒண்ணு வரைஞ்சி குடு. தலை சாய்வு முக்கியம்."

அவள் நாற்காலியில் உட்கார்ந்து வரைந்தாள். பெரியவர் அவள் பின்னால் வந்து நின்று, கையைக் கட்டி, தலையைச் சாய்த்து, அந்த மூக்கு இன்னும் கொஞ்சம் நீளம் என்றார். பெரியவர் நிற்பதைப் பார்த்து அவரோடு வந்தவர்கள் அவருக்குப் பின்னால் நின்றார்கள். இது திருப்பதி. இந்த ஊரில் நான்கு பேர் ஒருவர் பின் ஒருவராக நின்றால் ஐந்தாவது ஆள் எதற்கு என்று கேட்பதில்லை. முதலில் நிற்பார், பிறகு விசாரிப்பார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே வரிசை வாசலைத் தாண்டிப் படிக்கட்டுக்குப் போய்விட்டது.

தனசேகரின் முகத்தை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். பிறந்ததிலிருந்து அவன் தேடிக்கொண்டிருந்தது எதிரில் வந்து நின்றுவிட்டது. நேராக்கவேண்டிய ஒரு நீளமான வரிசை! ஓடினான். "சைடு வுடுங்க. சைடு வுடுங்க. அண்ணா, ஒரு ஸ்டெப் உள்ள!" குனிந்து குனிந்து பார்த்தான். கழுத்தில் பேட்ஜ் ஊசலாடி முகத்தில் அடித்தது. எரிச்சலோடு கழற்றினான், மேசைக்கு வந்தான், "சும்மா இடைஞ்சலா கீது, இத்த நீ வச்சிக்கோ" என்று ஹர்ஷினி கழுத்தில் மாட்டிவிட்டு மறுபடியும் ஓடினான்.

அவள் பேட்ஜைத் தொட்டுப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் வேறு பக்கம் திரும்பி மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் வாசலில் காக்கிச் சட்டை தெரிந்தது. முனிரத்தினம் கையில் ஆட்டோ சாவியோடு உள்ளே நுழையப் பார்த்தார். "அங்கிள், லைன்ல வாங்க. இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம்" என்றான் தனசேகர். சவாரியை விட்டுவிட்டு வந்த மனிதர் மறுபேச்சில்லாமல் வரிசையில் நின்றார். தன் மகளுக்காக இத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதை ஒவ்வொரு அடியாக நகர்ந்து நகர்ந்து பார்த்துக்கொண்டு வந்தார். முன்னால் வந்ததும் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு, "எனக்கும் ஒண்ணு வரைஞ்சி குடும்மா" என்றார்.

"நைனா" என்றாள் ஹர்ஷினி. அதற்குமேல் ஹேமநாத் எழுதிக்கொடுத்த இங்கிலீஷ் ஒன்றும் வரவில்லை. தேவைப்படவும் இல்லை.

திரும்பி வரும்போது தனசேகர் வேனில் என் பக்கத்து சீட்டில் சரிந்தான். "இன்னிக்கு முதுகு உடைஞ்சிடுச்சி ஆண்ட்டி" என்றான். பையில் இருந்த முறுக்கை எடுத்துக் கொடுத்தேன். இன்னும் கொஞ்சம் வெந்திருக்கலாம் என்றான்.

இந்தக் கதையை நான் பலரிடம் சொல்லிவிட்டேன். மேடம் ஹெட்மாஸ்டரை நினைத்துச் சிரித்தார். ஹெட்மாஸ்டர் மேடத்தை நினைத்துச் சிரித்தார். எதிர்வீட்டுக்காரருக்கு அவருடைய மச்சான் ஞாபகம் வந்ததாம். இதுவரை ஒருவர்கூட தன்னை நினைத்துச் சிரிக்கவில்லை. உங்களுக்கும் இந்நேரம் யாராவது ஞாபகத்துக்கு வந்திருப்பார்கள். அவர் அப்படித்தான், விடுங்கள்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். படித்துக்கொண்டு வரும்போது எங்கேயாவது, "நல்லாத்தான் எழுதியிருக்காங்க, ஆனா ஏதோ ஒண்ணு குறையுது" என்று உங்களுக்குத் தோன்றியதா? தோன்றியிருந்தால் கொஞ்சம் எழுந்து போய்க் கண்ணாடி முன்னால் நில்லுங்கள். அங்கே இல்லை. இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம்.