தேதி லைப்ரரியும் பகிர்வு உயர்நிலைக் குழுவும்

உலகத்தில் எத்தனையோ பேர் எதையெதையோ பகிர்ந்திருக்கிறார்கள். ஆனால் பகிர்வதற்கென்றே ஓர் உயர்நிலைக் குழு அமைத்து, அதற்கொரு துணைக்குழு அமைத்து, பன்னிரண்டு கூட்டம் போட்டு, கடைசியில் ஒருவரும் ஒன்றையும் விட்டுக்கொடுக்காமலேயே பகிர்ந்து காட்டிய பெருமை, நான்காவது மாடியில் இருந்த அந்த மென்பொருள் அலுவலகத்துக்கே உரியது. பகிர்வுக் கலை அங்கேதான் முழுமை அடைந்தது. அதற்கு மேல் அதில் செய்ய ஒன்றும் பாக்கியில்லை.

இந்தச் சரித்திரத்தில் ஓரமாக நின்றவளை அலுவலகத்தில் 'மூட்டை மேடம்' என்பார்கள். பல் மருத்துவமனைகளுக்கான இணையதளம் ஒன்றை ஏழு குழுக்கள், ஜாவா என்ற கணினி மொழியில், ஏழு பகுதிகளாக எழுதிக்கொண்டிருந்தன. பதிவுக்கு ஒன்று, நினைவூட்டலுக்கு ஒன்று, எக்ஸ்ரே படத்துக்கு ஒன்று, இப்படி. அந்த ஏழையும் ஒரே பெரிய மூட்டையாகக் கட்டி சர்வரில் ஏற்றுவது அவள் வேலை. மூன்று வருடமாக ஒப்பந்த ஊழியர். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவளுடைய அடையாள அட்டை காலாவதியாகும். அன்று காலை கண்ணாடிக் கதவு அவளைப் பார்த்துச் சிவப்பு விளக்கு காட்டும். வாட்ச்மேன் மட்டும் "வாங்க மேடம், மறுபடியும் புதுசா சேர்றீங்களா?" என்று அன்பாகக் கேட்பார்.

நிரந்தர ஊழியரானால் பெற்றோரையும் மருத்துவக் காப்பீட்டில் சேர்க்கலாம். அவளுடைய அப்பாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. செய்தித்தாளை மூக்கில் ஒட்டாத குறையாகப் பிடித்துத்தான் படிப்பார். அதனால்தான் மேலாளர் அன்று சொன்னது அவள் காதில் தேனாகப் பாய்ந்தது.

"இந்தத் தடவை மூட்டை ஒழுங்கா ஏறி, வாங்க வர்றவர் முன்னாடி டெமோவும் ஓடிடுச்சுன்னா, உங்க பெர்மனென்ட் ஆர்டர்ல நானே கையெழுத்துப் போடறேன்."

இதில் ஒரே ஒரு சங்கடம். சர்வர் முந்நூறு மெகாபைட்டுக்கு மேல் வாங்காது. மூட்டையோ தொள்ளாயிரத்து நாற்பது.

காரணம் எளியது. பிறர் எழுதி வைத்த நிரல் தொகுப்புகளை, அதாவது லைப்ரரிகளை, ஏழு குழுக்களும் ஆளுக்கொரு பிரதி சுமந்துகொண்டு வந்தன. பத்தாம் தேதிக்கு அடுத்தது பதினொன்றாம் தேதி என்று சொல்லும் தேதி லைப்ரரி மட்டுமே ஏழு பிரதி. ஒரே வீட்டில் குடியிருந்தும் ஏழு பேரும் தனித்தனியாக ஏணி வாங்கி வைத்திருந்த கதைதான்.

அன்று மாலை வீட்டில் அப்பா கத்தரிக்கோலைத் தேடிக்கொண்டிருந்தார்.

"ஆணியில மாட்டியிருக்குப்பா. எப்பவும் அங்கதானே இருக்கும்."

"ஆணி தெரிஞ்சா கத்தரிக்கோலும் தெரிஞ்சிருக்குமேம்மா" என்றார் அப்பா, சுவரைத் தடவிக்கொண்டே.

அவளே ஆணியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். கொடுக்கும்போதுதான் தோன்றியது: ஐந்து பேர் இருக்கிற வீட்டுக்கு ஒரு கத்தரிக்கோல் போதுமென்றால், ஏழு பகுதிக்கு ஒரு லைப்ரரி போதாதா? பெரிய மூட்டைக்குள் பொது அலமாரி ஒன்றை ஜாவாவே கொடுத்திருக்கிறது. பொதுவானதை எல்லாம் அங்கே ஒரு பிரதி வைத்துவிட்டு, ஒவ்வொரு பகுதியின் குறிப்பேட்டிலும் 'இது அங்கே கிடைக்கும், நீ சுமக்காதே' என்று எழுதினால் போதும். லைப்ரரிக்கு ஒரு வரி. அரை நாள் வேலை.

அரை நாள் வேலையை அரை நாளில் முடிப்பது நாகரிகமா? மறுநாள் அவள் இதை மேலாளரிடம் சொன்னதும், ஏழு குழுத் தலைவர்களையும் சேர்த்து 'பகிரப்படும் சார்புகளுக்கான உயர்நிலைக் குழு' அமைந்தது; லைப்ரரிக்கு அலுவலக மொழியில் 'சார்பு' என்று பெயர். முதல் கூட்டத்திலேயே எல்லோரும் 'கொள்கை அளவில்' ஒப்புக்கொண்டார்கள். கொள்கை அளவில் ஒப்புக்கொள்வது என்றால், முடியாது என்பதை மரியாதையாகச் சொல்வது.

"பகிர்வுக்கு எங்க முழு ஆதரவு உண்டு. மத்த ஆறு பேரும் எடுத்துடட்டும். எங்களுது மட்டும் இருக்கட்டும்" என்றார் பதிவுக் குழுத் தலைவர்.

"நாங்களும் அதையேதான் சொல்றோம்" என்றார் நினைவூட்டல் குழுத் தலைவர். "இதுல எங்களுக்குள்ள கருத்து வேறுபாடே இல்ல."

கருத்து வேறுபாடு இல்லை என்று குறிப்பில் ஏறியது.

ஐந்தாவது கூட்டத்தில், அலமாரியில் தேதி லைப்ரரியின் எந்தப் பதிப்பை வைப்பது என்ற கேள்வி எழுந்தது. பதிவுக் குழு இரண்டாம் பதிப்பில் இருந்தது. நினைவூட்டல் குழு மூன்றாம் பதிப்பில் இருந்தது. யாருக்கும் மனத்தாங்கல் வரக்கூடாது என்று மேலாளர் நடுநிலையாகத் தீர்ப்புச் சொன்னார்.

"ரெண்டரை வெச்சுக்கலாம்."

"சார், ரெண்டரைன்னு ஒண்ணு வரவே இல்ல" என்றாள் மூட்டை மேடம்.

"வரலைன்னா வரவழைக்கணும். எழுதினவருக்கு ஒரு மெயில் போடுங்க."

"மூணாவது பதிப்புல ஏழு பகுதியும் நல்லா ஓடுது சார். ஓட்டிப் பார்த்துட்டேன்."

"ஓடறது வேற, ஒப்புதல் வேற" என்றார் மேலாளர், இடது கன்னத்தைப் பிடித்துக்கொண்டு. அவருக்குப் பத்து நாளாகக் கடைவாய்ப் பல் வலி. கூட்டங்கள் இருந்ததால் பல்லுக்கு நேரம் ஒதுக்க முடியவில்லை.

இரண்டரை கேட்டுப் போட்ட மெயிலுக்குப் பதில் வருவதற்குள் டெமோ நாள் நெருங்கிவிட்டது. மூட்டை மேடம் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். பிறகு யாரையும் கேட்காமல், டெமோவுக்கு முந்தின நாள் மதியம் உட்கார்ந்து அரை நாள் வேலையை அரை நாளில் முடித்துவிட்டாள். மூட்டை இருநூற்றுப் பத்து மெகாபைட்டுக்கு இளைத்தது. சர்வர் மறுபேச்சு பேசாமல் வாங்கிக்கொண்டது. தேதிகள் தேதிகளாகவே நடந்துகொண்டன. அவள் நிம்மதியாக வீட்டுக்குப் போய், அப்பாவிடம் எந்தக் கண்ணை முதலில் பார்க்கலாம் என்று கேட்டாள்.

அவள் கிளம்பியதும் ஏழு தலைவர்களும், ஒருவருக்கொருவர் தெரியாமல், தத்தம் குழுவின் தேதி லைப்ரரியை மட்டும் 'ஒரு பாதுகாப்புக்கு' மறுபடி உள்ளே வைத்தார்கள். மறுநாள் காலை எட்டு மணிக்கு இயந்திரம் தானாகவே புது மூட்டை கட்டி ஏற்றியது. இப்போது தேதி லைப்ரரி ஏழு பிரதி, அலமாரியில் இருந்ததோடு எட்டு.

பத்து மணிக்குப் பல் மருத்துவர் வந்தார். இந்த இணையதளத்தை வாங்க வந்தவர். மேலாளர் வீங்கிய கன்னத்தோடு, "இப்ப என் பல்லுக்கே ஒரு தேதி புக் பண்றேன் பாருங்க" என்று பொத்தானை அழுத்தினார்.

திரையில் வந்தது: 'தேதியைத் தேதியாக மாற்ற முடியாது.'

ஜாவாவைக் குறை சொல்லக்கூடாது. அலமாரியில் இருக்கும் தேதிக்கும், பதிவுப் பகுதி மடியில் ஒளித்து வைத்திருக்கும் தேதிக்கும் பெயர் ஒன்றுதான். ஆனால் எடுத்த இடம் வேறென்றால் ஜாவாவின் கண்ணுக்கு அவை வேறு வேறு ஆட்கள்.

மருத்துவர் திரையைப் பார்த்தார். மேலாளரின் கன்னத்தைப் பார்த்தார். "நல்லவேளை, பல்லைப் பல்லா மாத்த முடியாதுன்னு சொல்லல. நான் வேற எடத்துல பார்த்துக்கறேன். நீங்களும் சீக்கிரமா யாரையாவது பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

உடனே விசாரணைக் குழு அமைந்தது. அதே ஏழு பேர். அனுபவம் உள்ளவர்கள் வேண்டும் அல்லவா. மூட்டை மேடம் மூட்டையைப் பிரித்து எட்டுப் பிரதிகளையும் திரையில் காட்டினாள். ஏழு பேரும் அவற்றை முதல்முறையாகப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

"அலமாரி வர்றதுக்கு முன்னாடி இந்தப் பிரச்சினை இருந்துச்சா?" என்றார் நினைவூட்டல் குழுத் தலைவர்.

"இல்ல. ஆனா..."

"அவ்வளவுதான். குறிச்சுக்கோங்க."

சாயங்காலம் மேலாளர் அவளை அறைக்குக் கூப்பிட்டார். வாயின் ஒரு பக்கத்தால் பேசினார்.

"குழு நல்லா ஆராய்ஞ்சு பார்த்துச்சும்மா. ஒரே விஷயம் பல இடத்துல இருக்கக் கூடாதுன்னு நீங்கதான் முதல்ல சொன்னீங்க. அது ரொம்பச் சரி. இனிமே ஏழு டீமும் அவங்கவங்க மூட்டையை அவங்கவங்களே கட்டிக்கறதா முடிவு பண்ணியிருக்காங்க. அதே வேலையை நீங்களும் பண்ணா அது அதிகப்படிதானே?"

"ஏழு பேர் ஒரே வேலையைப் பண்றது அதிகப்படி இல்லையா சார்?"

"அது பாதுகாப்பு."

"எங்கப்பா ஆபரேஷனுக்குத் தேதி கேட்டுக்கிட்டிருக்கார் சார்."

மேலாளர் உண்மையாகவே வருந்தினார். கன்னத்தைத் தடவிக்கொண்டே, "எனக்கே கிடைக்கலையேம்மா" என்றார்.

குழுவின் இறுதி அறிக்கை 'பகிர்வுத் திட்டம் நூறு சதவீத வெற்றி' என்ற தலைப்பில் ஏழு தலைவர்களுக்கும் ஆளுக்கொரு பிரதி அனுப்பப்பட்டது. அந்த மாடியில் ஏழும் எட்டுமாகக் கிடந்த எதன் மீதும் யாரும் கை வைக்கவில்லை. ஒன்றே ஒன்றாக இருந்தவளைத்தான் அதிகப்படி என்று கண்டுபிடித்து வெளியே அனுப்பினார்கள்.