அலைஞானி வைத்த தங்கப் பொட்டு

ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தத் தெருவைப் பார்த்தவர்களுக்கு, ஊரே வீட்டைக் காலி செய்துகொண்டு கிளம்பிவிட்டதோ என்ற சந்தேகம் வந்திருக்கும். ஒரு அம்மாள் மிக்சியைக் கைக்குழந்தை மாதிரி இடுப்பில் வைத்திருந்தார். ஒரு பெரியவர் மேசை விசிறியைப் போர்வையில் சுற்றித் தோளில் சாய்த்திருந்தார். புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி துணி துவைக்கும் எந்திரத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, வரிசை நகரும்போதெல்லாம் தூக்குவதும் இறக்குவதுமாக, மூச்சு வாங்கச் சிரித்துக்கொண்டு நின்றது. ஸ்கூட்டர்களுக்குத் தனி வரிசை. கார் வைத்திருப்பவர்கள் கார்களை வரிசையில் நிறுத்திவிட்டு, உள்ளேயே உட்கார்ந்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்கள். பக்தியிலும் அவசரம் உண்டு.

எல்லாரும் போய்ச்சேரும் இடம், முன்பு மெத்தைக் கடையாக இருந்த ஒரு பெரிய கூடம். உள்ளே மேடை. மேடையில் வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, கழுத்தில் ஸ்டெதஸ்கோப் சகிதம் ஒருவர். டாக்டர் இல்லை. அவர்தான் அலைஞானி. பெற்றவர்கள் வேறு பெயர்தான் வைத்திருப்பார்கள். அதில் அலையும் இருந்திருக்காது, ஞானமும் இருந்திருக்காது.

அவருடைய தத்துவம் எளிமையானது. எந்திரம் எதுவும் பழுதாவதில்லை, களைத்துப்போகிறது. காற்றில் கெட்ட அலைகள் திரிகின்றன. அவை உங்கள் செல்போனிலும் ஸ்கூட்டரிலும் குடியேறி, அவற்றின் உயிரை உறிஞ்சுகின்றன. மருந்து, கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு தங்க நிற ஸ்டிக்கர். மக்கள் அதைப் பொட்டு என்றார்கள். ஒரு பொட்டின் விலைக்கு ஒரு ஜோடி நல்ல செருப்பு வாங்கலாம். செருப்பு வாங்கியிருந்தால் பின்னால் வேறு விதத்திலும் பயன்பட்டிருக்கும்.

நிரூபணமும் உண்டு. யாராவது ஒருவரை மேடைக்குக் கூப்பிடுவார். "ஒரு கைல போனப் புடிங்க. இன்னொரு கைய நேரா நீட்டுங்க. நான் அழுத்துவேன், நீங்க தாங்கணும்." இரண்டு விரலால் அழுத்துவார். கை தொப்பென்று விழும். கூட்டம் ஐயோ என்னும். போனில் பொட்டை ஒட்டிவிட்டு மறுபடி அழுத்துவார். கை இரும்புக் கம்பி மாதிரி நிற்கும். கூட்டம் கை தட்டும். கையை நீட்டியவர், ஏதோ மலையைத் தூக்கிவிட்டவர் மாதிரி இறங்கி வருவார்.

அந்தக் கைதட்டலில் மிகப் பலமான கை என் அத்தானுடையது.

அத்தான், அதாவது என் அக்கா வீட்டுக்காரர், ஒரு டைல்ஸ் கம்பெனியில் கணக்கு பார்க்கிறார். அது வயிற்றுக்கு. மனசுக்கு, சந்தைக்குப் புதிதாக வரும் கருவி எல்லாமே வேண்டும். அவர் வீட்டில் தரை கூட்டும் ரோபோ ஒன்று உண்டு. தினமும் சோபாவுக்கு அடியில் மாட்டிக்கொண்டு அழும். அத்தான் குப்புறப் படுத்து அதை மீட்பார். துடைப்பத்தால் கூட்டியிருந்தால் அந்த நேரத்தில் தெருவையே கூட்டியிருக்கலாம். கைக்கடிகாரம் எழுந்து நில் என்றால், சாப்பாட்டின் நடுவே தட்டோடு எழுந்து நிற்பார். படுக்கையில் இருந்தபடியே போனில் தட்டினால் வெந்நீர் வைக்கும் கெட்டில் ஒன்றும் இருக்கிறது. அதில் தண்ணீர் ஊற்ற மட்டும் எழுந்துபோக வேண்டும். இதையெல்லாம் பற்றி அவர் போடும் வீடியோக்களை நானும் அவருடைய அம்மாவும் தவறாமல் பார்ப்போம்.

நான் அவர்கள் வீட்டு மாடியில்தான் குடியிருக்கிறேன். அதனால் பொட்டு பரவியதைப் படிப்படியாகப் பார்த்தேன். முதலில் போனில் வந்தது. பிறகு டிவி, ஃபிரிட்ஜ், கெட்டில், ரோபோ. ஒரு வாரத்தில் வீட்டுக்கே தங்க அம்மை போட்டுவிட்டது.

"பேட்டரி இப்பல்லாம் ராத்திரி வரைக்கும் நிக்குதுடா," என்றார்.

"வேற ஏதாவது மாத்துனீங்களா அத்தான்?"

"ஒண்ணும் இல்ல. பொட்டு வெச்ச போனுக்கு ஓய்வு வேணும்னு ஐயா சொன்னாரு. வெளிச்சத்தக் குறைச்சு வெச்சிருக்கேன். அப்பப்ப அணைச்சு வெக்கிறேன். அவ்ளோதான்."

போனை அணைத்து வைத்தால் பேட்டரி தீராது என்ற மாபெரும் ரகசியம், ஒரு ஞானி வந்து பொட்டு வைத்த பிறகுதான் எங்கள் வீட்டுக்குத் தெரிந்தது.

என் அக்கா இதையெல்லாம் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டாள். அவளுக்கு ஆஸ்பத்திரியில் காது பரிசோதிக்கும் வேலை. பஞ்சு பதித்த சின்ன அறைக்குள் ஆளை உட்காரவைத்து, காதில் ஹெட்ஃபோன் மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொல்வாள். சத்தமே கொடுக்காதபோதும் பலர் அமுக்குவார்கள். "பொய் சொல்றதில்லடா. அவங்களுக்கு நெஜமாவே கேட்ட மாதிரி இருக்கும். என் கை அசையறதப் பாத்துட்டாப் போதும், கேட்டுடும். அதனாலதான் முதுகு காட்டி உக்கார வெக்கிறேன்," என்பாள்.

அவள் சிரிப்பு நின்றது ஒரு வியாழக்கிழமை காலையில்.

அக்காவின் குழந்தை குட்டியைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப்போகும் வேனின் பிரேக் கொஞ்ச நாளாகக் கீச்சிட்டுக்கொண்டிருந்தது. டிரைவர் நல்ல மனிதர். பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பையை வாங்கி வைத்து, கதவைத் தானே சாத்துகிறவர். பட்டறைக்குப் போகக் கிளம்பியவரை என் அத்தான்தான் மறித்து, மெத்தைக் கடைக்கு அனுப்பினார். அலைஞானி பிரேக் மிதியில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டார். "இது கீச்சு இல்ல, அழுகை. மனசு நொந்திருக்கு," என்றார். மிதியில் ஒரு பொட்டு. வேன் மனசு தேறுவதற்கு எப்போதும் பாட்டு போட்டு வைக்க வேண்டும். பட்டறைப் பக்கம் போனால் பொட்டின் சக்தி போய்விடும்.

பாட்டு போட்டதும் கீச்சுச் சத்தம் அடங்கிவிட்டது. எப்படி அடங்காமல் இருக்கும்?

வியாழக்கிழமை அக்காவும் குட்டியும் வாசலில் நின்றார்கள். வேன் பாட்டோடு வந்தது. வாசலைத் தாண்டியது. பக்கத்து வீட்டைத் தாண்டியது. வீடு கட்டக் கொட்டியிருந்த மணல்மேட்டில் மூக்கை நுழைத்துக்கொண்டு நின்றது. மணலுக்கு அந்தப்பக்கம் பெரிய சாலை. உள்ளே பிள்ளைகள் இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று கத்தினார்கள்.

டிரைவர் இறங்கி ஓடிவந்தார். "ஒண்ணும் இல்ல மேடம். பொட்டு புதுசு. பழகிடும்."

"பட்டறைக்குப் போங்க அண்ணே. இப்பவே."

"போனா சக்தி போயிடும் மேடம். உங்க வீட்டுக்காரர்கிட்டயே கேட்டுப் பாருங்க."

அக்கா பிள்ளைகளை எல்லாம் இறக்கி, எங்கள் வீட்டு முற்றத்தில் உட்காரவைத்து, ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்தாள். ஒரு தாய் சொன்ன பதில்: "அதான் பொட்டு வெச்சிருக்காரேங்க, அப்புறம் என்ன பயம்?"

அன்று சாயங்காலம் அக்கா கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. அத்தானைக் கையை நீட்டச் சொன்னாள். மற்ற கையில் ஒரு கரண்டியைக் கொடுத்தாள். மணிக்கட்டில் அழுத்தினாள், கை விழுந்தது. கரண்டியைத் தொட்டுவிட்டு, முழங்கைக்குப் பக்கத்தில் அழுத்தினாள், நின்றது.

"இப்ப கரண்டிக்கு என்ன பொட்டா வெச்சேன்?"

அத்தான் கையைத் தேய்த்துக்கொண்டார். "நீ சும்மா அழுத்தற. அவரு அலையோட அழுத்தறாரு."

"சரி. அலையோடயே அழுத்தட்டும். எதுல பொட்டு இருக்குன்னு பாக்காம சொல்லுவாரா?"

அத்தான் முகத்தில் விளக்கு எரிந்தது. அவர் கருவிப் பிரியர். எதையும் சோதித்து வீடியோ போடுகிறவர். "சொல்லுவாரே. தாராளமா சொல்லுவாரு. நானே ஏற்பாடு பண்றேன். அவரு ஜெயிச்சா உன் ஸ்கூட்டருக்கும் பொட்டு வெக்கணும்."

"தோத்தா?"

"தோக்க மாட்டாரு."

அத்தான் போன் வாங்கிய அட்டைப்பெட்டிகளைத் தூக்கி எறிந்ததே இல்லை. பரணில் கோபுரமாக அடுக்கி வைத்திருந்தார். ஒரே மாதிரியான வெள்ளைப் பெட்டிகளாகப் பொறுக்கினார். ஓய்வுபெற்ற பழைய போன்களை அலமாரியிலிருந்து எடுத்தார். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, சிலவற்றில் பொட்டு வைத்தும் சிலவற்றில் வைக்காமலும் பெட்டிக்குள் போட்டு, ஆடாமல் துணி திணித்து, டேப் ஒட்டினார். வெளியே வந்தபோது வாயெல்லாம் சிரிப்பு. "ஐயாவோட பெருமை ஊருக்கே தெரியப் போகுது," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மேடையில் ஏறி அவரே மைக்கைப் பிடித்தார். தன் மனைவிக்குச் சந்தேகம் என்றும், ஐயா அதை நொடியில் தீர்ப்பார் என்றும் அறிவித்தார். கூட்டம் ஆரவாரம் செய்தது. அலைஞானி சிரித்தார். உதடுதான் சிரித்தது. இத்தனை கைதட்டலுக்கு நடுவே மாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

அக்கா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "உள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சவங்க இங்க நிக்கக் கூடாது. என்னங்க, நீங்க வெளிய போயிடுங்க." அத்தான் பெருமையாக வெளியே போனார். அக்கா பெட்டிகளைப் பையில் போட்டுக் குலுக்கி ஒன்றை எடுத்தாள். கை நீட்ட, கூட்டத்தில் நின்ற வேன் டிரைவரையே கூப்பிட்டாள்.

அலைஞானி அழுத்தினார். கை விழுந்தது. "பொட்டு இல்ல. பாவம், களைச்சுப் போயிருக்கு."

திறந்தாள். பொட்டு பளபளவென்று மின்னியது.

"பொட்டு பழசு. சக்தி தீந்துடுச்சு," என்றார் அலைஞானி. கூட்டம் தலையாட்டியது.

"நேத்து உங்க கடைலதானே வாங்குனோம்?"

"பெட்டிக்குள்ள காத்து இல்லம்மா." கூட்டம் அதற்கும் தலையாட்டியது. ஆட்டுவதற்கென்றே வந்த தலைகள்.

அடுத்த பெட்டி. கை நின்றது. "பாத்தீங்களா, பொட்டு. நல்ல பொட்டு." திறந்தாள். வெறும் போன். பக்கத்துப் பெட்டியின் அலை இதில் ஏறிவிட்டதாம். இந்த முறை முன்வரிசை மட்டும்தான் ஆட்டியது.

அலைஞானிக்கு வியர்த்தது. மூன்றாவது பெட்டியில் எல்லாவற்றையும் மீட்டுவிடுவது என்று முடிவு செய்துவிட்டார் போலும். அழுத்தினார், டிரைவர் கை தொப்பென்று விழுந்தது. கண்ணை மூடினார். பெட்டியில் ஸ்டெதஸ்கோப் வைத்தார். குரல் நடுங்கியது.

"இந்த போன் ரொம்ப வேதனைல இருக்கு. இதுல யாரோ நெறைய சண்டை போட்டிருக்காங்க. ஒரு பொம்பளையோட அழுகை கேக்குது. பேட்டரி வீங்கிடுச்சு. உடனே பொட்டு வெக்கலன்னா வெடிக்கும்."

முன்வரிசை பின்வரிசையாயிற்று.

அக்கா டேப்பைக் கிழித்தாள். திறந்தாள். உள்ளே இருந்ததை எடுத்து உயர்த்திக் காட்டினாள்.

பச்சை நிறக் குளியல் சோப்பு. எலுமிச்சை வாசனை கூடம் முழுவதும் பரவியது.

முதலில் சிரித்தது துணி துவைக்கும் எந்திரத்துக்காரப் பெண். "பேட்டரி வீங்கிடுச்சாம்," என்று புருஷன் தோளில் விழுந்து சிரித்தாள். "சோப்புல சண்டை போட்டது யாருங்க?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. அவ்வளவுதான். மிக்சி குலுங்கியது, விசிறி குலுங்கியது, கூடமே குலுங்கியது. மிக்சி அம்மாள் சிரிப்பில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சோப்புக்கும் அலை உண்டு," என்றார் அலைஞானி. யார் காதிலும் விழவில்லை.

சத்தம் கேட்டு அத்தான் உள்ளே ஓடிவந்தார். அக்கா கையில் சோப்பைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. "சொல்லிட்டாரா? நான்தான் வெச்சேன். இதுல போனே இல்ல, சோப்புன்னு ஐயா தொட்ட உடனே சொல்லிடுவாருன்னு எனக்குத் தெரியும்."

சிரிப்பு நின்றுவிட்டது. கடைசியில் டிரைவர்தான் மெதுவாகச் சொன்னார், "பேட்டரி வீங்கிடுச்சுன்னு சொன்னாருங்க சார்."

அத்தான் அலைஞானியைப் பார்த்தார். பிறகு தன் கடிகாரத்தைப் பார்த்தார். அதிலும் ஒரு பொட்டு இருந்தது. நகத்தால் சுரண்ட ஆரம்பித்தார். அது லேசில் வரவில்லை. பசை மட்டும் அசல்.

அக்கா மைக்கை வாங்கி, மணிக்கட்டில் அழுத்தினால் கை ஏன் விழுகிறது, முழங்கைப் பக்கம் அழுத்தினால் ஏன் நிற்கிறது என்று செய்துகாட்டினாள். அப்புறம் பார்க்க வேண்டுமே. கூடம் முழுவதும் ஒருவர் கையை ஒருவர் அழுத்திக்கொண்டிருந்தார்கள். கணவன் கையை மனைவி, மாமியார் கையை மருமகள். மருமகள் கொஞ்சம் அதிகமாகவே அழுத்தினாள். இந்தக் களேபரத்தில் அலைஞானி பின்வாசலைத் தேடி நடந்தார். துரத்தக்கூட ஆள் இல்லை. எல்லார் கையும் வேலையாக இருந்தது.

அத்தான் டிரைவரின் தோளைத் தொட்டார். "வாங்கண்ணே, பட்டறைக்குப் போலாம். நானும் வரேன்." காலி வேன், பாட்டில்லாமல், கீச்சிட்டுக்கொண்டே ஆமை வேகத்தில் போனது. பட்டறைக்காரர் சக்கரத்தைக் கழற்றிக் காட்டினார். பிரேக் கட்டை தேய்ந்து தகடு மட்டும் மிச்சம். "இத வெச்சுக்கிட்டா புள்ளைங்கள ஏத்துனீங்க?" என்றார். டிரைவர் வேன் படியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். அத்தான் பக்கத்தில் உட்கார்ந்தார். வீட்டுக்கு வந்து குட்டியை மடியில் வைத்துக்கொண்டவர், கடிகாரம் எழுந்து நில் என்று எத்தனை தடவை சொல்லியும் எழுந்திருக்கவில்லை.

நேற்று ஒரு பெரியவர், கையில் இஸ்திரிப் பெட்டியோடு என்னை நிறுத்தினார். "தம்பி, அந்த ஐயா எந்த ஊருக்குப் போயிட்டாருன்னு தெரியுமா? பஸ் இருந்தா போயிட்டு வந்துடலாம்னு பாக்கறேன்."

அவர் எந்த ஊரிலும் இருப்பார். கழுத்தில் வேறு ஏதாவது தொங்கும், வேறு ஏதாவது விற்பார். கழுத்துக்கு மேலே நமக்கும் ஒன்று இருக்கிறது. தலை வாரிக்கொள்ள மட்டும்தான் என்றால் சரி. வேறு வேலைக்கும் ஆகும் என்றால், வரிசையில் போய் நிற்பதற்கு முன்னால் ஒரு தடவை எடுத்து உபயோகிக்கலாம்.